காலையில் முதல் அடி

கேள்வி: எனக்கு 43 வயது. தஞ்சாவூரில் ஆசிரியையாக இருக்கிறேன். வாரம் 12 கி.மீ. ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு போட்டிக்காக ஒரே மாதத்தில் அதை 30 கி.மீ. ஆக்கினேன். இப்போது காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் இடது குதிகாலில் ஆணி அடித்த மாதிரி வலி. நாலு அடி நடந்தால் குறைகிறது. எக்ஸ்ரே பார்த்து எலும்பு வளர்ந்திருக்கிறது என்றார்கள். செங்கல்லைச் சூடாக்கி, எருக்கிலை போட்டு மிதி என்கிறார் அம்மா. திருவண்ணாமலை கிரிவல வேண்டுதல் வேறு இருக்கிறது. ஓடுவதை விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: விட வேண்டாம், டீச்சர். முதல் அடியில் குத்தும், நடக்க நடக்கக் குறையும் என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. குதிகால் எலும்பில் தொடங்கி விரல்கள் வரை, உள்ளங்காலுக்கு அடியில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. இரவெல்லாம் அசையாமல் கிடந்த பட்டை, காலையில் திடீரென உடம்பின் பாரத்தை வாங்கும்போதுதான் அப்படிக் குத்தும். 12-லிருந்து 30-க்குப் போன வேகத்தை அது தாங்கவில்லை. எலும்பு வளர்ச்சியை நினைத்துப் பயப்படாதீர்கள். வலியே இல்லாத பலருடைய எக்ஸ்ரேயிலும் அது தெரியும்.

நானும் இதை ஏழு மாதம் அனுபவித்தவள். பிசியோதெரபி அறையின் கிரானைட் தரையில் வெறுங்காலோடு நாள் முழுக்க நின்று வந்த வலி. மற்றவர்களுக்குச் சொன்னதை நானே செய்யத் தொடங்கிய பிறகுதான் குறைந்தது.

கட்டிலை விட்டு இறங்கும் முன்பே இதைச் செய்யுங்கள். வலிக்கிற காலை மறு முழங்கால் மேல் போட்டு, விரல்களைக் கையால் பிடித்து அதே காலின் முழங்காலை நோக்கி வளையுங்கள். மறு கைக் கட்டைவிரலால் உள்ளங்காலைத் தடவினால் பட்டை கயிறு போல விறைத்து நிற்பது தெரியும். பத்து எண்ணும் வரை அப்படியே பிடித்திருந்து, பிறகு விடுங்கள். இப்படிப் பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. முதல் வேளை, பாதம் தரையில் படுவதற்கு முன்.

அப்புறம் பட்டைக்கு பலம் சேர்க்க வேண்டும். சுருட்டிய துண்டை விரல்களுக்கு அடியில் வைத்து, படிக்கட்டின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, குதிகாலை மெதுவாக உயர்த்தி, மேலே இரண்டு விநாடி நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், 12 தடவை வீதம் மூன்று சுற்று. முடியாவிட்டால் இரண்டு காலாலும் தொடங்குங்கள்.

வீட்டுக்குள் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். சமையலறையிலும்தான். எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு போதும். வேலூர் வட்டாரத்தில் தொழுநோயாளிகளின் பாதங்களைக் காப்பாற்றிய ரப்பர் அது. எனக்கு அதன் மேல் தனி மரியாதை உண்டு.

அம்மாவின் செங்கல் வைத்தியம் இதமாக இருக்கும். ஆனால் சர்க்கரை உள்ளவர்களோ காலில் மரத்துப்போனவர்களோ அதைத் தொடவே கூடாது, சுட்டுக்கொண்டாலும் தெரியாது. ஸ்டீராய்டு ஊசிக்கு அவசரப்படாதீர்கள். சில வாரம் வலி அடங்கும். திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலியும், பட்டை கிழியவும் வாய்ப்பு உண்டு.

குதிகாலின் இரு பக்கமும் அழுத்தினால் துடிக்கிறதா, படுத்திருக்கும்போதும் வலிக்கிறதா, மரத்துப் போகிறதா? அப்படியானால் எலும்பு டாக்டரிடம் போங்கள். எலும்பில் கீறல் விழுந்திருந்தால் மேலே சொன்ன எதையும் செய்யக் கூடாது.

கிரிவலத்தைத் தள்ளிவையுங்கள். 14 கி.மீ. வெறுங்காலோடு நடந்தால் செய்த முயற்சியெல்லாம் வீணாகிவிடும். வலி குறையும் வரை சைக்கிள் மிதிக்கலாம்; சீட்டைத் தாழ்த்தி வைக்காதீர்கள்.

ஓட்டத்தை இரண்டு கிலோமீட்டரிலிருந்து தொடங்குங்கள். ஓடும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலை முதல் அடி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். முந்தின நாளை விட மோசமாக இல்லையென்றால் சரி, அடுத்த வாரம் அரை கிலோமீட்டர் கூட்டுங்கள். முழுவதும் குணமாகப் பல மாதம் ஆகலாம். ஆறாவது வாரத்தில் வலி குறையவில்லையே என்று நிறுத்திவிடாதீர்கள். என்னிடம் வந்தவர்களில் பலர் அங்கேதான் விட்டார்கள்.