பெட்ரோல் வழிந்து பெயின்ட் மங்கினால்…

கேள்வி: என்னுடையது ஏழு வருடமான சில்வர் மெட்டாலிக் கார். டேங்க் மூடிக்குக் கீழே பெட்ரோல் வழிந்ததைக் கவனிக்காமல், மறுநாள்தான் துடைத்தேன். ஒரு சாண் நீளத்துக்கு நாக்குபோல மங்கலான தடம் விழுந்துவிட்டது. வேக்ஸ் போட்டால் நான்கு நாள் மறைகிறது, கார் கழுவியதும் திரும்ப வருகிறது. முழு பேனலும் பெயின்ட் அடிக்க வேண்டும் என்கிறார்கள். வேறு வழி உண்டா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: பெரும்பாலும் உண்டு. பெயின்ட் அடிக்கச் சம்மதிக்கும் முன் இதைப் படியுங்கள்.

மெட்டாலிக் நிறத்தின் மேல் கிளியர் கோட் என்ற கண்ணாடி போன்ற படலம் இருக்கும். தடிமன் சுமார் 40 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. தேங்கிய பெட்ரோல் அதை ஊறவைத்து, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிவிட்டது. வேக்ஸ் அந்த நுண்பள்ளங்களை நிரப்பி மறைக்கிறது, அவ்வளவுதான். பள்ளத்தைச் சுற்றியுள்ள மேட்டைத் தேய்த்துச் சமன் செய்தால்தான் பளபளப்பு நிலைக்கும்.

முதலில் ஆழம் பாருங்கள். தடத்தின் மேல் தண்ணீர் தெளியுங்கள். ஈரமாக இருக்கும்போது தடம் காணாமல் போய், காய்ந்ததும் தெரிந்தால் பாலிஷிலேயே சரியாகும். பிறகு இருட்டில் செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். சுருக்கம், வெடிப்பு, உரிந்த ஓரம் தெரிந்தாலோ, நகம் தட்டுப்பட்டாலோ கிளியர் கோட் போய்விட்டது. அதற்கு மட்டுமே பெயின்ட் ஷாப்.

வேலையை நிழலில், உலோகம் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது செய்யுங்கள். கார் ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள். டேங்க் மூடியைத் திறந்து உள்குழியையும் சுத்தம் செய்யுங்கள்; அங்கே தங்கிய அழுக்குதான் மறுபடி வடியும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்தால் பழைய வேக்ஸ் போய் உண்மையான தடம் தெரியும். ரப்பர், கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். காம்பவுண்டு (தேய்த்துச் சமன் செய்யும் பசை) பட்டால் வெள்ளைக் கறை பிடித்துக்கொள்ளும்.

எடுத்த எடுப்பில் முரட்டு ரப்பிங் காம்பவுண்டு வேண்டாம். ஃபைன் பாலிஷில் பட்டாணி அளவு மூன்று பொட்டு, ஃபோம் பேடில் எடுத்து, ஓரடிச் சதுரத்துக்குள் நெடுக்காக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை என்று இரண்டு நிமிடம் மிதமாகத் தேயுங்கள். மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, மறுபடி ஆல்கஹால் கலவையால் துடைத்துப் பாருங்கள். இதைத் தவிர்த்தால் பாலிஷில் உள்ள எண்ணெய் பள்ளத்தை மறைத்து ஏமாற்றிவிடும். தடம் குறைந்தும் முழுதாகப் போகவில்லை என்றால் மட்டும் மீடியம் காம்பவுண்டு, அதன் மேல் மீண்டும் ஃபைன் பாலிஷ்.

துணியில் காரின் நிறம் ஒட்டினால் அந்த நொடியே நிறுத்துங்கள். மெட்டாலிக் பெயின்டில் அதற்குக் கிளியர் கோட் தேய்ந்து தீர்ந்துவிட்டது என்று பொருள். மூடியின் விளிம்பிலும் பேனல் மடிப்பிலும் படலம் மெலிந்திருக்கும், அங்கே அழுத்தவே கூடாது. பஃபிங் மெஷின் வைத்திருப்பவர்கள் இந்த விளிம்பில்தான் பெயின்டை எரித்துவிடுகிறார்கள்.

கடைசியில் வேக்ஸ் அல்லது சீலன்ட். இப்போது அது மறைக்க அல்ல, காக்க. பெட்ரோல் பங்கில் நாசில் தானாக நின்ற பிறகு ‘ரவுண்டா போடுங்க’ என்று சொல்லாதீர்கள். பெரும்பாலும் அந்தக் கடைசிச் சொட்டுகள்தான் வழிகின்றன. வழிந்தால் காய்ந்த துணியால் தேய்க்காமல், ஒற்றி எடுத்து உடனே நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள்.

கேள்வி: பைக் டேங்குக்கு ஸ்பிரே கேன் பெயின்ட் அடித்தேன். பெட்ரோல் பட்ட இடம் கூழாகிச் சுருங்கிவிட்டது. பாலிஷ் போடலாமா? (வாசகி, ஓசூர்)

பதில்: பலன் இருக்காது. சாதாரண ஸ்பிரே கேன் பெயின்ட் கரைப்பான் ஆவியாகி உலர்வது, அதனால் பெட்ரோல் பட்டதும் இளகிவிடுகிறது. பெயின்டை முழுதாக நீக்கி, பிரைமர், நிறம் அடித்து, மேலே ஹார்டனர் (இறுகவைக்கும் ரசாயனம்) கலந்த 2கே கிளியர் அடிக்கச் சொல்லுங்கள். கலவை விகிதம் டின்னில் இருக்கும். ஹார்டனர் குறைந்தால் மறுபடி இதே கதைதான். ஒரு வாரமாவது ஆறவிட்ட பிறகு பெட்ரோல் நிரப்புங்கள். ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். துணி முகமூடி இதற்குப் போதாது, வீட்டில் அடிக்காதீர்கள்.