மகள் ஷூமனைத்தான் படிப்பேன் என்றால்

கோவையிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் டூ வணிகவியல், பியானோவில் எட்டாம் கிரேடு முடித்தவள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனின் வாழ்க்கையையும் இசையையும்தான் படிப்பேன் என்கிறாள். பெரியப்பா சி.ஏ. என்கிறார். லண்டனில் இருக்கும் அத்தையோ, இசைதான் என்றால் கன்சர்வேட்டரி எனப்படும் பெரிய இசைக் கல்லூரியில் பியானோ பட்டம் படிக்கட்டும் என்கிறார். அதற்காக நிலத்தை விற்கலாமா என்பது தந்தையின் கேள்வி.

உங்கள் பதற்றம் புரிகிறது, ஐயா. ஆனால் நிலத்தில் கை வைக்காதீர்கள். லண்டனில் வெளிநாட்டு மாணவருக்கு ஆண்டுக் கட்டணமே 25 ஆயிரம் பவுண்டைத் தாண்டுகிறது. நான்கு ஆண்டுக்குக் கட்டணம் மட்டும் ஒரு கோடிக்கு மேல் ஆகும். சாப்பாடும் வாடகையும் தனி. அங்கே நுழைவுத் தேர்வுக்கு வருகிறவர்களுக்கு எட்டாம் கிரேடு எப்போதோ கடந்துபோன படி. சி.ஏ.வைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை, அதைச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறார்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி முக்கியம்: ஒரே பாட்டின் இரண்டு பதிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சுரங்களைச் சேர்த்து வாசிக்கச் சொல்லும் ஸ்லர் வளைகோடு ஏன் இதில் ஒரு சுரம் தள்ளி முடிகிறது என்று மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறாள் என எழுதியிருக்கிறீர்கள். மேடை ஏறத் துடிக்கும் பிள்ளை இப்படி உட்காராது. நம் பதிப்பாசிரியர்கள் ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்தார்களே, அந்த வேலையில் அவளுக்கு மனம் ஓடுகிறது. இசைத்தாளில் அதே வேலையைச் செய்வதற்கு ஜெர்மனியில் படிப்பும் உண்டு, சம்பளமும் உண்டு. இசையியல் பட்டம், அதற்குள் மூல ஆய்வும் பதிப்பும்.

இந்த வேலைக்கு ஷூமனைப் போல் தோதான ஆள் குறைவு. எழுதியதை அவர் திரும்பத் திரும்ப மாற்றினார். டி மைனர் சிம்ஃபனி என்ற வாத்தியக் குழு இசையை 1841-இல் எழுதி, 1851-இல் திருத்தினார். அவருடைய நண்பரான இசையமைப்பாளர் பிராம்ஸ் 1891-இல் பழைய வடிவத்தை வெளியிட்டபோது, ஷூமனின் மனைவி கிளாரா அதை விரும்பவில்லை. 'டிஷ்டர்லீப' என்ற பாட்டுத் தொகுப்பு 1840-இல் இருபது பாட்டாக எழுதப்பட்டது. 1844-இல் அச்சானபோது பதினாறுதான் இருந்தது. வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் செலவோடு சேர்த்து, அன்று எந்தப் பாட்டில் வேலை செய்தார் என்றும் குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் பல படைப்புகளுக்குத் தேதி சொல்ல முடிகிறது. டுஸல்டார்ஃபில் உள்ள ஆய்வுக் குழு அவருடைய முழுப் படைப்புகளையும் புதிதாகப் பதிப்பித்து வருகிறது. பிறந்த ஊரான ஸ்விக்காவில் அவர் பெயரிலான இல்லத்தில் கையெழுத்துப் பிரதிகளின் பெரிய தொகுப்பு இருக்கிறது.

வழி இப்படிப் போகும். முதலில் மொழி. வகுப்புகள் ஜெர்மனில்தான் நடக்கும். ஏ1-இலிருந்து சி2 வரை ஆறு நிலைகளில் ஐந்தாவதான சி1 வேண்டும். டெஸ்ட்டாஃப் என்ற ஜெர்மன் மொழித் தேர்வு என்றால் நான்கு பகுதியிலும் 4. ஏ1-இலிருந்து விடாமல் படித்தால் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு ஆகும். பி2-வோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் அங்கே போய்த் திணறுகிறார்கள். பேசுவது புரியும், ஆனால் பருவக் கடைசியில் பதினைந்து பக்கக் கட்டுரையை ஜெர்மனில் எழுதும்போது மாட்டிக்கொள்வார்கள்.

அடுத்தது தகுதி. நம்முடைய பிளஸ் டூ மட்டும் பெரும்பாலும் நேரடிச் சேர்க்கைக்குப் போதாது. இங்கே கல்லூரியில் சேர்ந்து படித்திருக்க வேண்டும், அல்லது அங்கே 'ஷ்டூடியன்கோலெக்' என்ற ஓராண்டு ஆயத்தப் படிப்பில் கலை, மொழிப் பாடங்களுக்கான ஜி பிரிவில் தேற வேண்டும். எனவே கோவையிலேயே குறைந்த கட்டணத்தில் ஒரு பி.ஏ.வில் சேரட்டும், மாலையில் ஜெர்மன் படிக்கட்டும். மதிப்பெண் பட்டியலை அனுப்பி, எது பொருந்தும் என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏஜெண்ட் வாய்மொழியாகச் சொல்வதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் இல்லாமல் மாணவர் விசா கிடைக்காது. பி.ஏ. இங்கே முடித்துவிட்டு எம்.ஏ.வுக்குப் போகலாமே என்பார்கள். அங்கேதான் பலர் இடறுகிறார்கள்: இசையியல் எம்.ஏ.வுக்கு, இளநிலையிலேயே இசையியல் பாடங்கள் படித்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். அதனால் கோவை பி.ஏ. தகுதிக்கு மட்டும்; இளநிலையையே அங்கே குறிவையுங்கள்.

செலவு. அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை, பருவத்துக்குச் சில நூறு யூரோ கட்டினால் போதும். ஹைடல்பெர்க் இருக்கும் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் நம் பிள்ளைகளிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது, அதைத் தவிர்த்துவிடுங்கள். விசாவுக்கு முடக்கக் கணக்கில் 11,904 யூரோ போட வேண்டும், கிட்டத்தட்ட 12 லட்சம் ரூபாய். அது கட்டணம் இல்லை. மாதம் 992 யூரோவாக அவள் கைக்கே திரும்பும். இந்தத் தொகைக்கே கடன்தான் வழி என்றால் இரண்டு ஆண்டு பொறுங்கள், மொழி படிக்க அந்தக் காலம் எப்படியும் வேண்டும்.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். பதிப்புத் திட்டங்களில் வேலை பெரும்பாலும் சில ஆண்டு ஒப்பந்தம், பல நேரம் அரைநேரப் பணி. முதுநிலை முடித்தவருக்கு அரசு ஊதிய விகிதத்தில், முழுநேரம் என்றால், வரிக்கு முன் மாதம் 4,500 யூரோவுக்கு மேல் வரும். பாதி வேலைக்குப் பாதிச் சம்பளம். ஆகவே இசையியலை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. நூலகவியல், அல்லது இசைக்குறிகளைக் கணினியில் எழுதும் எம்.இ.ஐ. என்ற குறியீட்டு முறை, இரண்டில் ஒன்றைக் கட்டாயம் சேர்த்துப் படிக்க வேண்டும். மியூனிக்கின் ஹென்லெ, காஸலின் பேரென்ரைட்டர், மைன்ஸின் ஷாட் போன்ற பதிப்பகங்களும் இசை நூலகங்களும் அப்போதுதான் அவளுக்குக் கதவு திறக்கும்.

பெரியப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள். ஷூமனின் அம்மாவும் மகனைச் சட்டம் படிக்கத்தான் 1828-இல் லைப்ஸிக்குக்கு அனுப்பினார். 1830-இல் இசைதான் வேண்டும் என்று மகன் எழுதியபோது, அம்மா பியானோ ஆசிரியர் ஃப்ரீட்ரிஷ் வீக்கிடம் கருத்துக் கேட்டார். ஆறு மாதச் சோதனை என்ற பேச்சோடுதான் சம்மதம் கிடைத்தது. உங்கள் வீட்டிலும் ஆறு மாதம் வையுங்கள்.

செலவில்லாத சோதனைதான். ஷூமனின் ஓப்பஸ் 13, அதாவது 13 என்று படைப்பு எண் கொண்ட 'சிம்ஃபனிக் எட்யூட்ஸ்' என்ற பியானோ இசை. 1837-இன் முதல் பதிப்பையும் 1852-இன் இரண்டாம் பதிப்பையும் இசைத்தாள்களை இலவசமாகத் தரும் ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் தேடி எடுக்கட்டும். இரண்டாவதில் மூன்றாம், ஒன்பதாம் எட்யூட்கள் (பயிற்சித் துண்டுகள்) இல்லை. கடைசிப் பகுதியும் மாறியிருக்கிறது. ஒரு நோட்டில் நெடுகக் கோடு கிழித்து ஐந்து பத்தி போட வேண்டும்: பார் எண் (இசைத்தாளில் கோடுகளுக்கு இடையிலான கட்டத்தின் எண்), எந்தக் கை, முதல் பதிப்பில் என்ன, இரண்டாவதில் என்ன, திருத்தமா அச்சுப்பிழையா. கடைசிப் பத்தியை மட்டும் பென்சிலால் எழுதட்டும், ஏனென்றால் அந்த முடிவு பலமுறை மாறும். மறுபதிப்பை முதல் பதிப்பென்று நினைத்து ஒப்பிடுவதுதான் இதில் எல்லாரும் செய்யும் தவறு. தலைப்புப் பக்கத்தில் பதிப்பகத்தின் பெயரையும், பக்கத்தின் அடியில் பதிப்பகம் அச்சுத் தகட்டுக்கு இட்ட எண்ணையும் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

கூடவே தினமும் இருபது நிமிடம் குர்ரென்ட் எழுத்து, அந்தக் கால ஜெர்மன் கையெழுத்து. அதில் e, n என்ற இரண்டு எழுத்துகளும் ஒன்றுபோலவே இருக்கும்; u-வுக்கு மட்டும் தலையில் ஒரு வளைவு. ஷூமனின் கையெழுத்து வேறு படிக்கச் சிரமமானது. ஆறு மாதம் கழித்து அந்த நோட்டை வாங்கிப் பாருங்கள். பென்சில் பத்தி பக்கத்துக்குப் பக்கம் அழித்து எழுதப்பட்டிருந்தால் ஜெர்மன் அடுத்த நிலைக்குப் பணம் கட்டிவிடுங்கள். நாலு பக்கத்தோடு நின்றிருந்தால் பி.ஏ.வைத் தொடரட்டும், பியானோ வீட்டில் இருக்கட்டும்.