எந்த டைவ் கம்ப்யூட்டர் வாங்கலாம்? – வாசகர் கேள்விகள்

கேள்வி (காரைக்குடி வாசகி): நானும் என் அப்பச்சியும் அந்தமானில் ஓபன் வாட்டர் என்ற ஸ்கூபா டைவிங் தொடக்கப் பயிற்சி முடித்திருக்கிறோம். அப்பச்சிக்கு 54 வயது, வெள்ளெழுத்து உண்டு. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் தீபாவளிக்கு வரும்போது டைவ் கம்ப்யூட்டர் வாங்கி வருவதாகச் சொல்கிறார். இருவருக்கும் சேர்த்து நல்லதாக ஒன்று போதுமா? எந்த மாடல் வாங்கச் சொல்லட்டும்?

பதில்: ஒன்று போதாது. ஆளுக்கு ஒன்று வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. டைவ் கம்ப்யூட்டர் உங்கள் உடம்பை அளப்பதில்லை. அதற்குத் தெரிந்தவை தண்ணீரின் அழுத்தமும் கடந்த நேரமும்தான். அவற்றை வைத்து, உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் கரைந்திருக்கும் என்று சில விநாடிகளுக்கு ஒரு முறை கணக்குப் போடுகிறது. அப்பச்சி உங்களைவிட 4 மீட்டர் கீழே 10 நிமிடம் மீன் பார்த்துக்கொண்டிருந்தால் உங்கள் கையில் ஓடும் கணக்கு அவருக்குப் பொருந்தாது. காலை டைவில் அவர் கட்டியதை மதியம் நீங்கள் கட்டினால் நிலைமை இன்னும் மோசம்: காலையில் உங்கள் உடம்பில் ஏறிய நைட்ரஜன் அந்தக் கருவிக்குத் தெரியவே தெரியாது. வாடகைக் கம்ப்யூட்டருக்கும் இதே விதி. மூன்று நாள் டைவ் என்றால் முதல் நாள் வாங்கிய அதே கருவியை, அதன் எண்ணைக் குறித்து வைத்துக் கேட்டு வாங்குங்கள்.

விலை உயர்ந்த ஒன்றைவிட எளிய இரண்டு மேல். அப்பச்சிக்குத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது திரை. மாஸ்க் வழியாகத் தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பது உண்மைதான், ஆனால் வெள்ளெழுத்து அதனால் போய்விடாது. கலங்கிய நீரில், 20 மீட்டர் ஆழத்தில், கண்ணாடி இல்லாமல் அவர் படிக்க வேண்டியவை நான்கு: ஆழம், கடந்த நேரம், டெக்கோ (கரைந்த நைட்ரஜன் குமிழாகாமல் வெளியேற, மேலேறும் வழியில் கட்டாயமாக நிற்பது) இல்லாமல் இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்ற என்.டி.எல்., மேலேறும் வேகம். இந்த நான்கும் பட்டன் எதையும் அழுத்தாமல் ஒரே திரையில் தெரிய வேண்டும். அண்ணனைக் கடையிலேயே வீடியோ காலில் வரச் சொல்லி, கைநீட்டும் தூரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்பச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கட்டும்.

க்ரெஸ்ஸி லியோனார்டோ, மாரெஸ் பக் ப்ரோ இரண்டும் ஒரே பட்டன் உள்ள, பெரிய எண்கள் காட்டும் கருவிகள். பேட்டரியை நாமே மாற்றலாம். முதல் கம்ப்யூட்டருக்கு இவை போதும். ஷியர்வாட்டர் பெரக்ரின் விலை கூடுதல். ஆனால் அதன் 2.2 அங்குல வண்ணத் திரையை வெள்ளெழுத்துக்காரர் ஒரு முறை பார்த்துவிட்டால் வேறு எதையும் கேட்க மாட்டார். பணம் அனுமதித்தால் அப்பச்சிக்கு அது, உங்களுக்கு லியோனார்டோ. எது வாங்கினாலும் மாஸ்க்கின் கீழ் ஓரத்தில் உள்ளே ஒட்டும் சிறிய ரீடிங் லென்ஸ் ஒரு ஜோடியும் வாங்கச் சொல்லுங்கள், சிலிண்டர் மீட்டர் பார்க்கவும் உதவும்.

கேள்வி (தேவகோட்டை வாசகர்): நண்பரும் நானும் ஒன்றாகவே இறங்கினோம். 24 மீட்டரில் அவருடைய கம்ப்யூட்டர் 9 நிமிடம் மிச்சம் என்றது, என்னுடையது 3 நிமிடம். என்னுடையது பழுதா?

பதில்: ஆழம் இரண்டிலும் ஒன்றாகக் காட்டினால் பழுது இல்லை. கணக்குப் போடும் முறை வேறு, அவ்வளவுதான்.

உடலியல் அறிஞர் ஹால்டேன் 1908-இல் வகுத்த அடிப்படையில்தான் இன்றும் கணக்கு நடக்கிறது: உடம்பின் சில பகுதிகள் நைட்ரஜனை வேகமாக ஏற்றி வேகமாக இறக்கும், சில பகுதிகள் மெதுவாக. ஜூரிச்சைச் சேர்ந்த மருத்துவர் பூல்மன் இதை 16 பிரிவுகளாக விரித்தார். மிக வேகமான பிரிவு பாதி நிரம்ப 4 நிமிடம், மிக மெதுவானதற்கு 635 நிமிடம். எந்தப் பிரிவு முதலில் எல்லையைத் தொடுகிறதோ அதுதான் உங்கள் என்.டி.எல். அந்த எல்லையில் எத்தனை சதவீதம் வரை போகலாம் என்று குறைத்து வைப்பதுதான் கிரேடியன்ட் ஃபேக்டர். 40/85 என்று அமைத்திருந்தால், பின்னால் உள்ள 85-க்கு, மேலே வந்து சேரும்போது எல்லையில் 85 சதவீதத்தைத் தாண்டாதே என்று பொருள். இதை 75 ஆக்கினால் நிமிடங்கள் குறையும், பாதுகாப்பு கூடும். ஆர்.ஜி.பி.எம். போன்ற வேறு முறைகளில் இயங்கும் கருவிகளும் உண்டு. அவை பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது டைவில் கறாராகிவிடும்.

இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். ஒன்று, உங்கள் கருவியில் கன்சர்வேட்டிவ் (நிமிடங்களைக் குறைத்துக் காட்டும்) அமைப்பை யாராவது கூட்டி வைத்திருக்கிறார்களா? மற்றது, வாயு. நண்பர் நைட்ராக்ஸ் 32 (32 சதவீதம் ஆக்சிஜன், காற்றைவிட நைட்ரஜன் குறைவு) என்று அமைத்துவிட்டு வெறும் காற்று நிரம்பிய சிலிண்டரில் இறங்கியிருந்தால், அவர் கண்ட 9 நிமிடம்தான் ஆபத்தானது. முந்தைய டைவின் வாயு அமைப்பு சில மாடல்களில் அப்படியே நிற்கும், சிலவற்றில் தானாக மாறிவிடும். ஆகவே ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஆக்சிஜன் சதவீதத்தை அளந்து, பிறகே அமையுங்கள். 32-க்கு ஆழ எல்லையும் உண்டு: ஆக்சிஜன் அழுத்தத்தின் பாதுகாப்பு எல்லையான 1.4 பாரை 0.32-ஆல் வகுத்தால் 4.375 பார், அதில் கடல்மட்டக் காற்றின் 1 பாரைக் கழித்தால் 33 மீட்டர். 36 என்றால் 28 மீட்டர்தான்.

சேர்ந்து டைவ் செய்பவர்கள் இருவரில் குறைந்த நிமிடம் காட்டும் கருவியைப் பின்பற்ற வேண்டும். நல்ல கணக்கு காட்டும் கையைப் பார்த்துக்கொண்டு கீழேயே இருப்பது கூடாது. உங்களுடையது டெக்கோவுக்குள் போய், அது கேட்ட ஸ்டாப்பைச் செய்யாமல் மேலே வந்தால் மாடலைப் பொறுத்து 24 அல்லது 48 மணி நேரம் பூட்டிக்கொள்ளும். பயணத்தின் மீதி டைவ்கள் போய்விடும்.

கேள்வி (கானாடுகாத்தான் வாசகர்): ஞாயிறு தூத்துக்குடியில் இரண்டு டைவ், அன்று இரவே குடும்பத்தோடு கொடைக்கானல். விமானம் ஏறினால்தானே கூடாது?

பதில்: போகாதீர்கள். டைவில் உடம்பில் கரைந்த நைட்ரஜன், அழுத்தம் குறைந்த உயரத்தில் குமிழாகலாம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். விமானக் கேபினுக்குள் வைத்திருக்கும் அழுத்தமும் ஏறக்குறைய அந்த உயரத்துக்குச் சமம். காரில் போனாலும் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒரே நாளில் இரண்டு அல்லது தொடர்ந்து பல நாள் என்றால் 18 மணி நேரம் இடைவெளி தேவை என்பது டைவிங் மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட வழிகாட்டுதல். உங்கள் கம்ப்யூட்டரில் விமானச் சின்னம் மறையும் வரை மலை ஏற வேண்டாம். முதலில் கொடைக்கானல், பிறகு கடல் என்று பயணத்தைத் திருப்பிப் போட்டால் தீர்ந்தது. வீடு திரும்புவதற்குத் தடையில்லை, செட்டிநாடு தாழ்ந்த நிலம்தான்.

கேள்வி (பள்ளத்தூர் வாசகர்): ஆறு மாதத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிடுகிறது. வாட்ச் கடையில் கொடுத்து மாற்றலாமா?

பதில்: முதலில் ஏன் தீர்கிறது என்று பாருங்கள். பல மாடல்களில் இரண்டு உலோகப் புள்ளிகள் ஈரம் பட்டதும் கருவியை விழிக்க வைக்கும். அவற்றின் மேல் உப்போ சுண்ணாம்போ படிந்தால் அலமாரிக்குள்ளும் விழித்தே இருக்கும். நம் பக்கத்து போர் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் வெள்ளைப் படிவு நிற்கும். கடைசி அலசலுக்குப் பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ குடிக்கும் தண்ணீரோ பயன்படுத்துங்கள். வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, ஒவ்வொரு பட்டனையும் நீருக்குள்ளேயே சில முறை அழுத்தி, துணியால் ஒற்றி நிழலில் காயவையுங்கள். அழுத்தம் அளக்கும் சிறு துளைகளில் ஊசி, குச்சி எதையும் விடாதீர்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் ஒரு மதியம் வைத்தால் திரையும் பேட்டரியும் கெடும்.

பேட்டரியை நீங்களே மாற்றலாம். எண்ணைப் பார்த்து வாங்குங்கள்: சி.ஆர். 2450 என்றால் 24.5 மி.மீ. அகலம், 5 மி.மீ. தடிமன். சி.ஆர். 2430 அதே அகலம், 3 மி.மீ. தடிமன். எல்லாக் கடையிலும் கிடைக்கும் 2032 இரண்டுக்கும் பதிலாகாது. நோ-ஃப்ளை நேரம் முடிந்து விமானச் சின்னம் மறைந்த பிறகே மூடியைத் திறங்கள், சில கருவிகள் பேட்டரி கழன்றதும் உடம்பில் மிச்சமுள்ள நைட்ரஜன் கணக்கை மறந்துவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள். மூடியைக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைப் புதிதாகப் போடுங்கள், அது அமரும் பள்ளத்தில் மணலோ முடியோ இருக்கக் கூடாது. ஓ-ரிங் மினுமினுக்கும் அளவுக்கு மட்டும் சிலிகோன் கிரீஸ் தடவுங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் வேண்டவே வேண்டாம். அதிகமாகத் தடவினாலும் தூசியைப் பிடித்து அதுவே கசிய விடும். மூடிய பின் ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, உள்ளே குமிழோ ஆவியோ தெரிகிறதா என்று பார்த்துவிட்டே கடலுக்கு எடுத்துச் செல்லுங்கள். அந்த வாட்ச் கடைக்காரர் டைவ் கம்ப்யூட்டர் திறந்து பழகியவர் இல்லையென்றால் கொடுக்க வேண்டாம்.

கேள்வி (புதுவயல் வாசகர்): சிலிண்டர் அழுத்தத்தையும் கையிலேயே காட்டும் டிரான்ஸ்மிட்டர் தேவையா?

பதில்: முதல் ஆண்டில் தேவையில்லை. டிரான்ஸ்மிட்டர் ஒன்றின் விலைக்கு ஏறக்குறைய இன்னொரு எளிய கம்ப்யூட்டரே வாங்கிவிடலாம். பிறகு வாங்கினாலும் ஹோஸில் தொங்கும் சாதாரண மீட்டரைக் கழற்றாதீர்கள், சிக்னல் நடுவில் அறுவதுண்டு. படகில் உதவிக்கு வருபவர்கள், சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கத் தரும் ரெகுலேட்டரில் துருத்திக்கொண்டிருக்கும் டிரான்ஸ்மிட்டரைக் கைப்பிடி என்று நினைத்துச் சிலிண்டரைத் தூக்குவார்கள், அது ஒடிவது பெரும்பாலும் அப்படித்தான். இறங்குவதற்கு முன்பே சொல்லி வையுங்கள்.