எண்களை மாற்றினால் அது திருத்திய பதிப்பா?

கேள்வி: நாங்கள் ஆறு பேர் ஞாயிறு பின்னேரங்களில் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம்; மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதையை நடத்திச் செல்லும் விளையாட்டு. நான்தான் டன்ஜன் மாஸ்டர், அதாவது மற்றவர்களுக்குக் கதையை நடத்துபவர். இந்த விளையாட்டுக்கென அச்சில் வந்த பழைய சாகசக் கதைகளைப் புதிய விதிகளுக்குத் திருத்தி வெளியிட்ட 'கோஸ்ட்ஸ் ஒஃப் சோல்ட்மார்ஷ்' புத்தகத்தைக் காசு சேர்த்து வாங்கினோம். ஒவ்வோர் அறைக்கும் உள்ள ஆங்கிலப் பந்தியை வாசித்து, பிறகு தமிழில் விளக்கி, பக்கம் புரட்டிப் புரட்டி நடத்துகிறேன். இரண்டு ஞாயிறு போயும் ஆட்டம் சூடு பிடிக்கவில்லை. பழைய சாகசங்கள் காலாவதியாகிவிட்டனவா? புதிதாக எழுதியதையே வாங்கியிருக்க வேண்டுமா?
- ஒரு வாசகர், உப்புவெளி

பதில்: தம்பி, சாகசம் காலாவதியாகவில்லை. நீங்கள் அதை நடத்தவில்லை, வாசித்துக் காட்டுகிறீர்கள். கோபிக்க வேண்டாம். பாதிப் பிழை உங்களுடையது, மற்றப் பாதி இப்படி அச்சடித்து விற்பவர்களுடையது. இரண்டையும் சொல்கிறேன்.

உங்கள் புத்தகத்தின் முதல் சாகசம் 1981 இல் டேவ் பிரவுணும் டொன் டர்ன்புல்லும் எழுதியது. மீன்பிடித் துறைமுகம், ஊருக்கு வெளியே பாழடைந்த ஒரு வீடு, அங்கே பேய் உலாவுகிறது என்று ஊர்ப்பேச்சு. (உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதமாட்டேன். உங்கள் நண்பர்களும் இந்தப் பக்கத்தை வாசிக்கக்கூடும்.) மூலப் பதிப்பு அந்த ஊரை டன்ஜன் மாஸ்டரே உருவாக்கட்டும் என்று விட்டிருந்தது. 2019 பதிப்பு ஊரை விரிவாக எழுதிச் சேர்த்தது: ஊருக்குள் இருக்கும் அணிகள், முக்கியமான ஆட்கள், கப்பல் விதிகள். கடலைக் காணாத ஊரில் இருந்து விளையாடுபவருக்கு அது பெரிய உதவிதான். உங்களுக்கு? விடியற்காலை வாடியில் யார் விழித்திருப்பார்கள், சம்மாட்டிக்கும் தொழிலாளிக்கும் இடையில் என்ன கதை ஓடும், இரவு கரைக்கு வந்த வள்ளத்தில் மீனைத் தவிர வேறென்ன இருந்தது என்று கேட்டால் யார் வாயை மூடிக்கொள்வார்கள் என்பதையெல்லாம் உப்புவெளிக்காரருக்குப் புத்தகமா சொல்லித்தர வேண்டும்? நீங்கள் காசு கொடுத்த பக்கங்களில் ஒரு பகுதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது. அதைப் பயன்படுத்தாமல் அச்சில் உள்ள ஊரை வரிக்கு வரி மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இப்போது வெளியீட்டாளர் பக்கம். பழைய சாகசங்களில் பல, வீட்டில் வாராவாரம் விளையாடுவதற்காகப் பிறந்தவை அல்ல. 'டூம் ஒஃப் ஹொரர்ஸ்' என்ற பெயர்பெற்ற கல்லறைச் சாகசத்தை, இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1975 இல் ஒரிஜின்ஸ் என்ற விளையாட்டு மாநாட்டின் போட்டிக்காகக் கொண்டுவந்தார். புத்தகமாக வந்தது 1978 இல். போட்டியில் பாத்திரம் செத்தால் பெரிய இழப்பில்லை, பொழுதுபட எல்லோரும் எழும்பிப் போய்விடுவார்கள். ஒரு வருடமாக வளர்த்த பாத்திரத்தோடு உங்கள் மேசைக்கு வருபவரை ஒரே ஒரு பொறியில் கொன்றால் அவர் அடுத்த ஞாயிறு வரமாட்டார். இதே சாகசம் 2017 இல் 'டேல்ஸ் ஃப்ரம் த யாவ்னிங் போர்ட்டல்' தொகுப்பில் வேறு ஆறு சாகசங்களோடு மறுபடி வந்தது. அரக்கர்களின் பலத்தையும் பொறிகளின் ஆபத்தையும் குறிக்கும் எண்கள் புதிய விதிக்கு மாறின. ஆனால் அது போட்டிக்குப் பிறந்த சாகசம் என்பது எண்ணை மாற்றினால் மாறிவிடுமா? மேசையில் எது பிழையாகப் போகும் என்று பார்த்துத் திருத்துவதைத்தான் நான் திருத்தம் என்பேன்.

அப்படிச் செய்த ஒரு பதிப்பும் இருக்கிறது. 'கோல் ஒஃப் கதுல்ஹு' என்ற, இதே வகையான திகில் விளையாட்டுக்கு 1984 இல் வந்த 'மாஸ்க்ஸ் ஒஃப் நியர்லதோடெப்' சாகசம், 1925 இல் நியூயோர்க்கில் ஒரு நண்பர் கொல்லப்படுவதோடு தொடங்கும். விளையாடுபவர்கள் அந்த நண்பரை அதற்கு முன் கண்டதே இல்லை. காணாத மனிதருக்காக யார் உலகம் சுற்றுவார்கள்? 2018 பதிப்பு, 1921 இல் பெருவில் நடக்கும் ஓர் அத்தியாயத்தை முன்னால் சேர்த்தது. அங்கே அவரோடு சேர்ந்து ஆபத்தைத் தாண்டுகிறார்கள். பிறகு நியூயோர்க்கில் அவர் சாகும்போது மேசை அமைதியாகிவிடும். எவ்வளவு புத்திசாலித்தனமான வேலை என்று பாருங்கள்! நடத்தி நடத்திக் கண்ட குறையை நடத்துபவருக்காகவே நிரப்பியிருக்கிறார்கள்.

சரி, உங்கள் பாதிக்கு வருகிறேன். நான் முதன்முதலில் நடத்தியது கைகாக்ஸின் 'த கீப் ஒன் த போடர்லேண்ட்ஸ்', ஒரு கோட்டையில் இருந்து அருகே உள்ள அரக்கர் குகைகளுக்குப் போகும் சாகசம். அதில் கோட்டையில் இருப்பவர்களுக்குப் பெயரே கிடையாது. தளபதி, பூசாரி, கொல்லன், அவ்வளவுதான். ஒரு பெடியன் தளபதியின் பெயரைக் கேட்டான், என்னிடம் பதில் இல்லை. அடுத்த நாள் பின்னேரம் திருகோணமலை பிரட்றிக் கோட்டை வாசலுக்குப் போனேன். வாசலைக் கடந்தால் மான்கள் மேய்கின்றன, மேலே கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதை, இரு பக்கமும் கடல். கச்சான் விற்கும் அம்மா ஒருவர், யாரையும் ஏறெடுத்துப் பார்க்காத காவலர் ஒருவர். அடுத்த ஞாயிறு சாகசத்தின் கோட்டைக்குள் மான்கள் இருந்தன, அந்த அம்மாவும் இருந்தார். பெடியங்கள் குகைக்குப் போவதையே மறந்து அவரோடு ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். எழுதியவர் விட்ட வெற்றிடம் குறையென்று அதுவரை நினைத்திருந்தேன். அது எனக்காக விட்ட இடம்.

ஆகவே ஒவ்வோர் அறைக்கும் கட்டம் கட்டி அச்சிட்டிருக்கும் ஆங்கிலப் பந்தியை மேசையில் வாசிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். ஒரு பந்தியை இரண்டு மொழியில் கேட்டால் எந்தப் பேயும் பயமுறுத்தாது. சனிக்கிழமை ஒரு கொப்பியை எடுத்து, ஒவ்வோர் அறைக்கும் மூன்றே வரி தமிழில் எழுதுங்கள். கதவைத் திறந்ததும் மூக்குக்கும் காதுக்கும் என்ன வருகிறது, உள்ளே இருப்பவருக்கு என்ன வேண்டும், எதைத் தொட்டால் என்ன நடக்கும். எண்களுக்கு மட்டும் புத்தகத்தைப் பாருங்கள், அந்தப் பக்கங்களில் தாள் துண்டு செருகி வையுங்கள். வீட்டின் வரைபடத்தைத் தனியே ஃபொட்டோக்கொப்பி எடுத்து உங்கள் முன்னால் வையுங்கள். அப்புறம் அந்த வீட்டை நிலாவெளி வீதியில் உங்கள் நண்பர்கள் எல்லோரும் தாண்டிப் போயிருக்கும் ஒரு பூட்டிய வீடாக நினைத்துச் சொல்லத் தொடங்குங்கள்.