குடிமல்லமும் காளத்தியும் முப்பரிமாணத்தில்: கேள்வி பதில்

கேள்வி: கோயில் கட்டடக்கலையைக் கற்பிக்கப் பாடநூலில் தரைப்படம் இருக்கும்போது, கணினியில் உருவாக்கும் மெய்நிகர் வெளி எதற்கு, ஐயா? (ஆசிரியை, நகரி)

பதில்: நம் வட்டாரத்துக் குடிமல்லம் பரசுராமேசுவரர் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா. தரைப்படத்தில் அதன் தூங்கானை மாடம், அதாவது படுத்துறங்கும் யானையின் பின்புறம்போல் வளைந்த கட்டட அமைப்பு, வளைந்த ஒரு கோடுதான். அந்தக் கோடு சுவராக எழுந்து, மேலே வளைந்த சிகரமாக முடிவதை மாணவர் மனத்தில் கட்டிக்கொள்வது கடினம். மெய்நிகர் மாதிரியில் அடித்தளமான அதிட்டானம் முதல் உச்சியிலுள்ள தூபி வரை ஒவ்வோர் உறுப்பையும் பிரித்துக் காட்டலாம். கருவறைத் தரை முன்மண்டபத்தைவிடத் தாழ்ந்திருப்பதும், ஏறத்தாழ 5 அடி உயர இலிங்கம் எதிரே நிற்பவருக்கு எப்படித் தோன்றும் என்பதும், பார்வையைச் சிறுவரின் கண்மட்டத்தில் வைத்து நடக்கவிட்டால்தான் விளங்கும். ஆகவே, பறவைப் பார்வையில் பாடத்தைத் தொடங்குவதை நான் ஏற்பதில்லை.

கேள்வி: இன்று இல்லாத கட்டடத்தைக் காட்டினால் அது கற்பனையாகிவிடாதா? (கல்லூரி மாணவர், புத்தூர்)

பதில்: ஊகம் எது என்று சொல்லாமல் காட்டினால் கற்பனைதான். குடிமல்லத்தில் 1973-74இல் நடந்த அகழாய்வு, இலிங்கம் முதலில் கல்வேலி சூழ்ந்த திறந்தவெளியில் நின்றதையும், பின்னர் அங்கே செங்கல் தூங்கானைக் கோயில் எழுந்ததையும் காட்டியது. இன்றைய கருங்கல் கோயில் அவற்றுக்குப் பிந்தியது. இம்மூன்றையும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து வரவைப்பது அச்சுப் புத்தகத்தால் எளிதில் ஆகாத காரியம். ஆனால் செங்கல் கோயிலின் மேற்பகுதி ஊகமே என்பதால், அதை வேறு நிறத்தில் காட்டி, ஆதாரத்தையும் அருகிலேயே எழுத வேண்டும். பண்பாட்டு மரபைக் கணினியில் காட்சிப்படுத்துவதற்கான நெறிகளாக 2006இல் உருவான இலண்டன் சாசனம் வலியுறுத்துவதும் இந்த நேர்மையைத்தான்.

கேள்வி: மெய்நிகர் காட்சியைப் பார்க்கத் தலையில் அணியும் கருவி வாங்கப் பள்ளியில் பணமில்லையே? (தலைமையாசிரியர், சித்தூர்)

பதில்: தேவையில்லை. ஒரு கணினியும் புரொஜெக்டரும் போதும்.

கேள்வி: இடிந்துபோன காளத்தி (ஸ்ரீகாளஹஸ்தி) கோயில் இராசகோபுரத்தின் பழைய படங்கள் எங்கள் வீட்டில் உள்ளன. பயன்படுமா? (வாசகர், திருத்தணி)

பதில்: நிச்சயமாகப் பயன்படும், பத்திரமாக வையுங்கள். கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய அக்கோபுரம் 2010 மே 26 அன்று சரிந்தது. இப்போது நிற்பது 2017இல் குடமுழுக்குக் கண்ட புதிய கோபுரம். ஒரே பகுதி வெவ்வேறு கோணங்களில் பதிவான படங்கள் பல சேர்ந்தால், பொதுப் புள்ளிகளைக் கணினி இனங்கண்டு வடிவத்தை மீட்கும். ஓரங்களை வெட்டாமல், பின்பக்கக் குறிப்போடு ஸ்கேன் செய்யுங்கள். வாசற்படியில் நிற்கும் உங்கள் குடும்பத்தாரை நீக்கிவிடாதீர்கள். அவர்களின் உயரம் தெரிந்தால் கோபுரத்தின் அளவைக் கணிக்க அதுவும் உதவும்.