கண்மாய்க்கரை ஆலோசனையும் உளவியல் படிப்பும்

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ உயிரியல் பிரிவில் படிக்கும் தங்கள் மகள், மருத்துவம் வேண்டாம், உளவியல் படித்து இயற்கை சார்ந்த மனநல ஆலோசனை (அறைக்குள் உட்காராமல், மரமும் நீரும் உள்ள இடத்தில் நடந்தபடி பேசி உதவுவது) செய்யப்போகிறேன் என்று சொன்னதிலிருந்து வீடே கலங்கிக் கிடப்பதாக எழுதியிருந்தீர்கள். "மரத்தைப் பார்த்தால் கவலை போகுமா, அதற்கு யார் காசு கொடுப்பார்கள்?" என்று தங்கள் கணவர் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன; இரண்டுக்கும் தனித்தனியே விடை சொல்ல வேண்டும்.

முதல் கேள்விக்கு ஆய்வுகள் ஓரளவு விடை தருகின்றன. அமெரிக்காவில் பென்சில்வேனியா மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ஒப்பிட்ட ரோஜர் உல்ரிச், சன்னல் வழியே மரங்கள் தெரிந்த 23 பேர், செங்கல் சுவர் மட்டுமே தெரிந்த 23 பேரைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள் என்றும், கடுமையான வலி மருந்துகள் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன என்றும் 1984-இல் எழுதினார். 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரை விசாரித்தபோது, வாரத்துக்கு 120 நிமிடமேனும் இயற்கைச் சூழலில் கழித்தவர்களே உடலும் மனமும் நன்றாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். நன்றாக இருப்பவர்தாமே வெளியே நடமாடுவார் என்று தங்கள் கணவர் மடக்கக்கூடும், மடக்கினால் நியாயம்தான். ஆகவே வெளிக்காற்று மனத்துக்குத் துணை என்று சொல்வேனே தவிர, தீவிர மனச்சோர்வுக்கு மருந்து என்று சொல்ல மாட்டேன்.

மகள் விரும்பும் வேலை பூங்காவில் உலாவுவதன்று. எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் வாய் திறக்காத பதின்வயதுப் பிள்ளை, பக்கத்தில் நடந்து வரும்போது, கண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் பேசத் தொடங்கும். ஆலோசகர் அந்தப் பேச்சை முறைப்படி கையாளத் தெரிந்தவராக இருக்க வேண்டும். நம் ஊர்ப்பக்கம் இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஊருணிக் கரையில் நடந்தால் எதிரே வருபவர் "யார் வீட்டுப் பிள்ளை?" என்று நின்று விசாரிப்பார், இரகசியம் காப்பது அந்த இடத்திலேயே உடைந்துவிடும். எங்கே நடப்பது, தெரிந்தவர் வந்தால் என்ன சொல்வது, சித்திரை வெயிலில் எத்தனை மணிக்குள் முடிப்பது என்பதையெல்லாம் முன்கூட்டியே பேசி, வருபவரின் சம்மதம் பெற்றுத்தான் வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். தற்கொலை எண்ணம் தெரிந்தால் நடையை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரிடம் சேர்ப்பதும் அந்தப் பயிற்சியில் அடங்கும்.

எனவே இரண்டாம் கேள்விக்கு என் விடை இதுதான்: காசு ஆலோசகரின் தகுதிக்குக் கிடைக்கிறது, கண்மாய்க்கரை அவர் பணி செய்யும் இடம் மட்டுமே. மூன்றாண்டு உளவியல் இளநிலை, பிறகு ஈராண்டு முதுநிலை, அதோடு அனுபவமுள்ளவர் மேற்பார்வையில் பயிற்சி என்பது வழக்கமான பாதை. மருத்துவ உளவியலாளர் ஆக வேண்டுமானால், இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்து அங்கே பதிவு செய்ய வேண்டும். மனநல மருத்துவர் ஆவதற்குத்தான் எம்.பி.பி.எஸ்.ஸும் அதற்கான நீட் தேர்வும் தேவை. சில வார இணைய வகுப்பில் 'இயற்கைச் சிகிச்சையாளர்' சான்றிதழ் தருவதாக வரும் விளம்பரங்களுக்குத் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். அடிப்படைப் பட்டம் இல்லாதவருக்கு அந்தக் காகிதத்தால் வேலை கிடைக்காது.

பொதுத்தேர்வு முடியும் வரை இந்த வாக்குவாதத்தை ஒத்திவையுங்கள். மகள் விடிந்தது முதல் அறைக்குள் அடைந்து படிப்பதாகச் சொன்னீர்கள். மாலையில் அரை மணி நேரம், கைப்பேசி இல்லாமல், அவளை நடக்க விடுங்கள். பறவைகள் வரும் பருவத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குக் குடும்பத்தோடு போய்வரலாம். பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத, அதை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி ஊர் மக்களைப் பற்றித் தங்கள் கணவருக்கும் தெரிந்திருக்கும்.

தேர்வுக்குப் பிறகு மூவரும் வாருங்கள். என் அறையில் பேசுவதா, வெளியே நடந்தபடி பேசுவதா என்பதை மகளே முடிவு செய்யட்டும்.