ஆமையைத் தொட்டால் அரிக்கிறதா?

கேள்வி: வீட்டில் இரண்டு வருடமாக ஒரு நில ஆமை வளர்க்கிறேன். சில மாதங்களாக அதன் கூண்டைக் கழுவி முடித்ததும் விரல் இடுக்குகளிலும் மோதிரத்தின் கீழும் சிவந்து அரிக்கிறது. சில நாள் தோல் வெடித்து எரிகிறது. எனக்கு ஆமை அலர்ஜியா? யாரிடமாவது கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்க அவசரப்படாதீர்கள். பூனையின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கும் புரதம் காற்றில் மிதந்து வீடெங்கும் படியும். முடியே இல்லாத ஆமையிடம் அந்தத் தொல்லை மிகக் குறைவு. ஊர்வன வகைப் பிராணிகளால் அலர்ஜி வந்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அது அபூர்வம். பெரும்பாலும் ஆமையைச் சுற்றி நீங்கள் தொடும் பொருள்களில்தான் வில்லன் இருப்பான்.

உங்கள் கடிதத்தில் இரண்டு துப்புகள் இருக்கின்றன: கழுவிய பிறகு வருகிறது, விரல் இடுக்கிலும் மோதிரத்தின் கீழும் வருகிறது. சோப்பும் கிருமிநாசினியும் அலசியும் போகாமல் தங்கும் இடங்கள் அவை. தோலின் மேலடுக்கில் உள்ள எண்ணெய்ப்பசை அடிக்கடி கரைந்துபோனால் வெடிப்பும் எரிச்சலும் வரும். இது அலர்ஜியே இல்லை, போதுமான அளவு பட்டால் யாருக்கும் வரும். ஆமை வளர்ப்பவர்கள் வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லா கிருமிக்குப் பயந்து நிறையக் கை கழுவுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது, பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் ஆமையின் கழிவிலும் அந்தக் கிருமி இருக்கலாம். அதனால் கழுவுவதை நிறுத்தாதீர்கள், கழுவும் விதத்தை மாற்றுங்கள். மோதிரத்தைக் கழற்றிவிட்டு, வாசனையில்லாத சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர். இடுக்குகளை நன்றாக அலசி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, ஈரம் முழுதாகக் காய்வதற்குள் பெட்ரோலியம் ஜெல்லி போன்ற கெட்டியான ஒன்றைப் பூசுங்கள். லோஷன் போதாது.

கூண்டு கழுவும்போது நைட்ரைல் கையுறை போடுங்கள். ரப்பர் கையுறையே சிலருக்கு அலர்ஜி தரும், பாதுகாப்புக்குப் போட்டதே வினையாகிவிடும். உள்ளே வியர்த்தால் மெல்லிய பருத்திக் கையுறை ஒன்றை அடியில் போட்டுக்கொள்ளலாம். பிளீச்சை லேபிளில் சொன்ன அளவுக்குக் கலந்தால் போதும். அதோடு வேறு எந்தக் கிளீனரையும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

இதற்குப் பிறகும் தொடர்ந்தால், எப்போது வருகிறது என்று கவனியுங்கள். தொட்ட சில நிமிடங்களில் கொசு கடித்ததுபோல் தடித்து, சில மணி நேரத்தில் அடங்கினால், அது உடனடி அலர்ஜி. கூண்டில் போடும் காய்ந்த புல்லின் தூசி, அதிலிருக்கும் நுண்பூச்சிகள், ஈரமான தென்னை நார்த்தூளில் பிடிக்கும் பூஞ்சை ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். கூடவே தும்மல், கண் அரிப்பு இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். முன்கையில் மெல்லிய கோடுகளாகச் சிவந்திருந்தால் அலர்ஜியைத் தேட வேண்டாம், புல்லின் தாள் கீறியிருக்கும், அல்லது ஆமையின் நகம்.

ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பு தொடங்கி, சிறு கொப்புளங்களோடு வாரக்கணக்கில் நீடித்தால் கதை வேறு. ஆமைக்காகப் பறிக்கும் இலைகளைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். டேண்டலியன், சாமந்தி உள்ளிட்ட சூரியகாந்திக் குடும்பச் செடிகளின் சாறு பேர்பெற்ற அலர்ஜிக் காரணம். பறிக்கும் கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகள் மட்டும் வெடித்திருந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான். ஆமையின் ஓட்டைத் துடைக்க ஈரத்தாள் (வெட் வைப்ஸ்) பயன்படுத்தினால் அதையும் கணக்கில் சேருங்கள். சிலவற்றில் கலக்கப்படும் மெத்தில்ஐசோதயாசோலினோன் என்ற பதப்படுத்தி பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆமை ஓட்டுக்குத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி இரண்டு வாரம் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் கை ஆறிவிடும், எதனால் வந்தது என்று மட்டும் தெரியாது. அதற்குள் மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கலந்த கிரீமை நீங்களாக வாங்கிப் பூசாதீர்கள். வந்திருப்பது படையாக இருந்தால் அந்தக் கிரீம் அதை மறைத்துப் பரவவிடும்.

சீழ், காய்ச்சல், கையில் மேல்நோக்கி ஏறும் சிவப்புக் கோடு இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ அவசரச் சிகிச்சைப் பிரிவு. நீர் ஆமையும் வைத்திருந்தால் இன்னொன்று: தொட்டித் தண்ணீரில் கைவிட்ட சில வாரங்கள் கழித்து விரலில் ஆறாத கட்டி வந்தால், தொட்டியைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமியாக இருக்கலாம். அதற்கு மாதக்கணக்கில் மருந்து தேவைப்படும், சாதாரண ஆன்டிபயாடிக் பலவும் பலிக்காது.

இரண்டு மூன்று மாற்றங்களுக்குப் பிறகும் அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் கேளுங்கள். சந்தேகப்படும் பொருள்களைச் சிறு பட்டைகளில் வைத்து முதுகில் ஒட்டி 48 மணி நேரம் கழித்து எடுப்பார்கள், அப்புறம் ஓரிரு நாளில் மறுபடி பார்ப்பார்கள். போகும்போது சோப்பு, கிருமிநாசினி, ஈரத்தாள் லேபிள்களைப் படம் எடுத்துச் செல்லுங்கள். கையுறையில் ஒன்றையும் பறிக்கும் இலைகளையும் தனித்தனிப் பையில் கொண்டுபோங்கள்.